குளத்தைத் தைத்தவள்

1

இந்தக் கதை என் கையில் எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டு என்னைக் குடையக்கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன், அதாவது ஐம்பத்தொன்பதில், நெடுங்கேணியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மாதர் சங்கத்துக் கண்காட்சி நடந்தது. தையல், பின்னல், மெழுகுப்பூ, ஊறுகாய். எனக்கு ஊறுகாயில்தான் அக்கறை. என் வீட்டுக்காரர் தில்லைநாதனுக்கு வவுனியா ரயில்வே ஸ்டேசனில் வேலை. சனிக்கிழமை ஓய்வென்றபடியால் அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே சுவரில் இரண்டு கதவுச்சீலைகள் பக்கம் பக்கமாகத் தொங்கின. முதற்பரிசு அட்டை குத்தியிருந்தது. தைத்த பெண் அவற்றுக்கு முன்னால் நின்றாள்.

பரிசு வாங்கிய பெண்ணின் முகம் அப்படியா இருக்கும்! பேயறைந்த மாதிரி என்று சொல்வார்களே, அதை நான் அதுவரை சும்மா பேச்சென்றே நினைத்திருந்தேன். கண் இரண்டும் சீலையில் குத்தி நிற்க, வாய் திறந்தபடி, உதடு வெளுத்துப்போய் நின்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்று அப்போது தெரியாது. தெரிந்தபின் இன்னும் மோசமாகத் திக்கென்றது. அது இன்றுவரை அடங்கவில்லை. அடங்காதபடியால் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

(ஊறுகாய் வாங்கினேனா என்று கேட்காதீர்கள். வாங்கினேன். போத்தலைக் கையில் பிடித்தபடிதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.)

2

எப்படித் தொடங்குவது? நான் எழுதிப் பார்த்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"வன்னிக் காடு பச்சைப் பட்டு விரித்தாற்போல—" சீ! காட்டுக்குள் முள்ளுக் குத்தியவள் எவளும் இப்படி எழுதமாட்டாள்.

"எண்களுக்கும் கலைக்கும் உள்ள உறவை ஆராயுமிடத்து—" இதை வாசித்துவிட்டுத் தில்லைநாதன் கொட்டாவி விட்டார். மனுசன் வஞ்சகமில்லாதவர்.

"நேசமலருக்குக் கிளி பிடிக்காது."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

நேசமலருக்குக் கிளி பிடிக்காது. ரோசாப்பூவும் பிடிக்காது. தலையணை உறையானாலும் கதவுச்சீலையானாலும் பெண்கள் எல்லோரும் அந்த இரண்டையுமே தைத்தார்கள், அவற்றுக்குத்தான் மாதிரித் தாள் கிடைத்தது. அவள் சாவகச்சேரிப் பெண். தமையன் வீரகத்திக்கு மருதம்பிட்டிக் குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்தது.* தமையனைத் தொடர்ந்து அவளும் கணவன் யோகநாதனும் வந்தார்கள். யோகநாதனுக்கு அந்தக் குளத்திலேயே வேலை கிடைத்தது. மதகுக்குப் பக்கத்தில் அடிக்கணக்குக் குறித்த ஒரு தூண் தண்ணீருக்குள் நிற்கும். விடியப்புறம் சைக்கிளில் காட்டுப்பாதையால் போய், தூணில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறதென்று பார்த்துவந்து நீர்ப்பாசனக் கந்தோரில், அதிகாரிகளிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

(* குளத்தின் பெயர் நான் வைத்தது. தேடிப் போகாதீர்கள்.)

அவன் திரும்பிவந்து தேத்தண்ணி குடிக்கும்போது, மறந்துபோகாமல் இருக்க இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வான். "பதினாறு... பதினாறு..." ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பதினாறு என்றால் பதினாறு தையல் போட்டால் என்ன? நாளுக்கு ஒரு வரி, எத்தனை அடியோ அத்தனை தையல். பதினைந்துக்கு மேலே நீலம். பத்துக்கு மேலே பச்சை. அதற்குக் கீழே மஞ்சள். ஏழுக்கும் கீழே போனால் சேற்று நிறம் என்று வைத்திருந்தாள், ஆனால் அந்த நூலை அவள் வாங்கவே இல்லை. தேவைப்படவில்லை.

நூல் விற்கிறவர் சரீப் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் கேட்டாராம்:

"என்ன பிள்ளை இது? பூவுமில்லை, காயுமில்லை."

"குளம், நானா. எல்லாரும் கிளியைத் தைக்கினம். நான் குளத்தைத் தைக்கிறன்."

ஒரு வருடம் முடியச் சீலை முடிந்தது. மழைக்குப் பொம்மி, கோடையில் ஒடுங்கி, சரித்து வைத்த குடம் மாதிரி ஒரு வடிவம். இலக்கம் என்ற வறட்டுச் சாமானிலிருந்து அப்படியொரு வடிவம் வருமென்று நான் கண்டேனா? நான் பள்ளிக்கூடத்தில் கணக்கென்றாலே வயிற்றுக்குத்து என்று சொல்லிப் படுத்தவள். அந்தச் சீலையைத் தாய்வீட்டு வாசலுக்கென்று சாவகச்சேரிக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த வருடம் தன் வீட்டுக்கென்று இரண்டாவது சீலையைத் தொடங்கினாள்.

3

யோகநாதனைப் பற்றி எனக்குச் சந்தேகம். கணவனாக இல்லை, பாத்திரமாக.

முதற் பிரதியில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்து, கள்ளும் ஊற்றிக் கொடுத்து, ஊரை ஏய்க்கிறவனாக எழுதினேன். வசதியாக இருந்தது. வாசிக்கிறவர்கள் திட்டுவதற்கு ஒருவன் வேண்டுமே. ஆனால் அவனைக் கண்காட்சியில் நான் பார்த்திருக்கிறேன். மெலிந்த மனுசன். மனைவிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் வாங்காததால் அந்தக் குவளையை வைக்க இடம் தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மீசை ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.

அவனுடைய சைக்கிள் களவு போயிருந்தது. முதல் வருடச் சீலை முடிகிற நேரம். அவன் வீட்டில் சொன்னது அது. அதன்பிறகு நடந்தேதான் போய்வந்தான். நேசமலர் பாவப்பட்டு, தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சைக்கிளைச் சும்மா கொண்டுவந்து போடுகிறவள் அல்ல.

4

இனிச் சனிக்கிழமை.

பரிசு வாங்கித் தரவேண்டுமென்று துள்ளியவன் வீரகத்தி. "சோடியா வைச்சால் எல்லாருக்கும் கண் அங்கைதான் போகும் தங்கச்சி" என்று சொல்லி, சாவகச்சேரிக்குப் போய்த் தாய்வீட்டு வாசலில் தொங்கிய முதல் சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தான். இரண்டும் ஒன்றாகத் தொங்கியது அன்றுதான் முதல் தடவை.

பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"எடியே, அச்சொட்டா ஒரே மாதிரி! ஒரு தையல் பிசகேல்லை, பாரடி!"

"சோடியெண்டால் இதெல்லோ சோடி!"

நேசமலர் சிரித்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. மேலேயிருந்து விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள், இந்தச் சீலையில் ஒரு வரி, அந்தச் சீலையில் ஒரு வரி. பாதியில் திரும்ப மேலே போய் முதலிலிருந்து எண்ணினாள். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது:

"நான் சோடி தைக்கேல்லை. நான் குளத்தையெல்லோ தைச்சனான்."

உங்களுக்கு விளங்கிவிட்டதா? எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் போத்தல் கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஐயோ கடவுளே! முதல் வருடம் கார்த்திகை முழுவதும் மழை கொட்டி, நெடுங்கேணிக்குப் பஸ்ஸே வரவில்லை. இந்த முறை கார்த்திகை தூறிவிட்டுப் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கும் ஒரே குளம், ஒரே வடிவம், ஒரே நீலம் ஒரே இடத்தில் எப்படி வரும்? தண்ணீர் என்ன, அளவெடுத்த சட்டை போட்டுக்கொண்டா ஏறி இறங்கும்?

யோகநாதன் போன வருடத்து இலக்கங்களையே திரும்பச் சொல்லியிருக்கிறான். ஒரு வருடமாக. ஒவ்வொரு காலையும். தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

நாளுக்கு ஒரு இலக்கமாகக் காதில் விழும்போது எந்தப் பொய்யும் பொய்யாகத் தெரியாது. பதினான்கு என்றால் பதினான்குதான், அதில் என்ன இருக்கிறது? கந்தோர்க்காரருக்கும் தெரியவில்லை. அதையே நிறமும் தையலுமாகக் கண்முன்னே தொங்கவிட்டதும், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக் கைதட்டினார்கள். அழகென்று நினைத்துக் கைதட்டினார்கள்! அந்தப் பொய் அவ்வளவு அழகாக இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மேல் கூசுகிறது.

இனி அடுத்த இடி. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அதே மண்டபத்தில் சிறுபோக விதைப்புக் கூட்டம், கோடை நெல்லுக்கு. யோகநாதன் எழும்பி மட்டத்தைச் சொல்வான். அதைவைத்து எத்தனை ஏக்கர் விதைப்பதென்று முடிவாகும். அவன் பதினான்கு என்று சொன்னால் எல்லாரும் முழுக் காணியும் விதைப்பார்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் எவ்வளவென்று ஒருவருக்கும் தெரியாது. குறைவென்றால், கதிர் வருமுன் வாய்க்கால் காயும்.

"மழை பெய்யாதது அவர்களுக்குத் தெரியாதா? குளத்தை எட்டிப் பார்க்கமாட்டார்களா?" தில்லைநாதன் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். பார்த்தார்கள். குளத்து அணைக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. அகலம் தெரியும், ஆழம் எப்படித் தெரியும்? அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் பயிர் செய்து வளர்ந்த சனங்கள். வீரகத்தியே பஸ் நிலையத்தில் சொல்லிக்கொண்டு நின்றான்: "எங்கட பக்கம் மழை பேயாட்டியும் கிணத்தடியிலை ஊத்து நிக்கும். இவ்வளவு பெரிய குளத்திலை நில்லாதோ? பதினாலு அடி எண்டு மச்சான் சொல்லுறார். நான் உழுது போட்டன், நாளைக்கு விதைநெல் ஊறப்போடப் போறன்." குளத்துக்கு ஊற்று இல்லையென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் போகம் தவறினால் அவன் காணியை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். சாவகச்சேரியில் அவனுக்கு நிற்க ஒரு பரப்பு நிலம் இல்லை.

ஒரு பக்கம் தமையனின் காணி. மறுபக்கம் புருசனின் உத்தியோகம், மானம். நடுவில் அவள், முதற்பரிசோடு.

5

முடிவுகள்.

(அ) நேசமலர் கூட்டத்தில் எழும்பி, சீலையைத் தூக்கிப் பிடித்து, முழங்குகிறாள். அநியாயம் வெளிப்படுகிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கே கைதட்ட வந்தது. அதனால்தான் நம்பவில்லை. சபையில் வாய் திறந்து பழகாத பெண்ணுக்கு என் வாயைக் கடன் கொடுத்திருக்கிறேன்.

(ஆ) அவள் பேசாமல் இருக்கிறாள். ஆவணியில் வயல் வைக்கோலாகி— இதற்குமேல் எழுத முடியவில்லை. வீரகத்தியின் முகம் வந்து நிற்கிறது.

(இ) கத்தரிக்கோலை எடுத்து இரண்டாவது சீலையைப் பிரித்துவிடுகிறாள். தில்லைநாதன் இதைக் கேட்டுவிட்டு, "நூலைப் பிரிச்சால் குளம் நிறையுமோ?" என்றார். சரிதான். வெட்டினேன்.

நான் அடுப்புப் பக்கத்துக் குசினி மேசையில் எழுதுகிறவள். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறவர். ஆகவே அவர் வாயை மூட முடியாது.

"சொல்லத்தான் வேணும்," என்றார், புட்டைக் குழைத்தபடி. "ஊர்ச் சனத்தின்ரை சோறு. உத்தியோகம் போனால் போகட்டும்."

"லேசாச் சொல்லிப்போட்டீங்கள்."

"நியாயத்தைச் சொன்னன்."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று தெரியாது. கேட்டுவிட்டேன்:

"அப்ப, நீங்கள் ஸ்டேசனிலை ஒரு வருசமாப் பொய்க் கணக்குச் சொல்லியிருந்து, அது எனக்குத் தெரியவந்தால், நான் போய்ச் சபையிலை சொல்லட்டோ?"

அவர் கை சாப்பாட்டுக் கோப்பையில் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் கட்டிப் பத்து வருடத்தில் அந்தப் பார்வையை நான் கண்டதில்லை. கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். இந்த மனுசனிடமும் ஏதாவது இருக்கிறதோ? கதை எழுதப்போய் என் வீட்டுக் கூரையை நானே பிரிக்கிறேனோ?

அடுத்தநாள் காலை, வேலைக்குப் போகப் படலையைத் திறந்தவர் திரும்பி நின்று சொன்னார்:

"சொல்லும். ஆனால் முதல்லை எனக்குச் சொல்லும்."

(அவரிடம் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.)

6

அந்த ஒரு வசனத்தால் நான் எழுதியிருந்த மூன்று முடிவும் குப்பைக்குப் போயின. நேசமலர் முதலில் அவனிடம் சொல்லியிருப்பாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

ஞாயிறு விடிகாலை. யோகநாதன் வழக்கம்போலப் புறப்படுகிறான். அவளும் செருப்பைப் போடுகிறாள்.

"எங்கை வாறீர்?"

"குளத்துக்கு."

"உமக்கென்ன விசரே? யானை நிக்கிற இடம்."

"ஓம். உங்களோடை வாறன்."

அவன் முன்னே நடந்தான். காட்டுவாயிலில் ஒரு பாலைமரம் நின்றது. அதன் கீழே புல் தேய்ந்து, ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு மண் வழுவழுப்பாக இருந்தது. சுற்றிவரப் பீடித்துண்டுகள். அவள் அதைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"இவ்வளவு தூரந்தானோ நீங்கள் வாறது?"

அவன் ஒரு பீடித்துண்டைக் காலால் தள்ளினான்.

"எப்பயிருந்து?"

"சைக்கிளை மிதிச்சதிலையிருந்து."

"ஆர் மிதிச்சது?" கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது. "சைக்கிள் களவு போட்டுது எண்டெல்லோ சொன்னீங்கள்!"

"தனியன் யானை நேசம். குளக்கட்டிலை வைச்சு மறிச்சுப்போட்டுது. சைக்கிளை விட்டிட்டு ஓடினனான். பத்தைக்குள்ளை கிடந்து பாத்தன், பப்படம் மாதிரி நொருக்கிச்சுது. அதுக்குப் பிறகு இந்த மரத்துக்கு அங்காலை கால் போகுதில்லை. நான் என்ன செய்ய? உம்மட தமையன் என்னை ஆம்பிளையெண்டு நம்பியெல்லோ தங்கச்சியைத் தந்தவர்."

போன வருடத்து இலக்கங்களைக் கந்தோர்ப் புத்தகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். மரத்தடியில் நேரம் போகுமட்டும் இருந்துவிட்டு, அன்றைய தேதிக்கு உரியதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அவ்வளவுதான்.

நேசமலர் அழுதாளா, ஏசினாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின. எப்படியும், கடைசியில் அவன் கையைப் பிடித்து, "வாங்கோ, ரெண்டு பேருமாப் போவம்" என்றாள். மரத்தைக் கடந்தார்கள். அவன் கை ஈரமாக இருந்தது. யானை வரவில்லை. (வரவைக்கலாம். நான் மாட்டேன். இவ்வளவும் போதும் அவர்களுக்கு.)

குளக்கட்டில் ஏறியபோது தண்ணீர் பளபளவென்று தூரத்து மரம்வரை கிடந்தது. நேசமலருக்கு ஒருகணம் உயிர் வந்தது. பிறகு தூணைப் பார்த்தார்கள். தூண் உயரமாக, வெறுமையாக, பாசி காய்ந்து நின்றது.

ஆறு.

"ஆறு," என்றான் யோகநாதன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் உண்மையான இலக்கம் அது. சொல்லிவிட்டுக் குளக்கட்டிலேயே குந்திவிட்டான்.

7

சரீப் நானா மண்டப வாசலில் பெட்டியை விரித்திருந்தார். நேசமலர் சேற்று நிற நூல் கேட்டாள்.

"இந்த நிறம் ஆரும் எடுக்கிறேல்லை, பிள்ளை. அடியிலை கிடக்கும், பொறு." தேடி எடுத்துக் கொடுத்தார். "என்னத்துக்கு இது?"

"ஒரு வரிக்கு."

சுவரில் தொங்கியபடியே இரண்டாவது சீலையின் கடைசியில் தைத்தாள். பதினான்கு பச்சைத் தையலுக்குக் கீழே ஆறு சேற்று நிறத் தையல். யோகநாதன் பக்கத்தில் நின்று நூல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். சோடி குலைந்தது. பரிசு அட்டையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

(இதில் எவ்வளவு நான் கண்டது, எவ்வளவு நேசமலர் பின்னொருநாள் எனக்குச் சொன்னது, எவ்வளவு நானாகக் கட்டியது என்று பிரித்துச் சொல்லமாட்டேன். அன்று அவள் காட்டிய அந்த ஆறு தையலையும் என் கண்ணால் கண்டேன். அதை மட்டும் நம்புங்கள்.)

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. இருக்க வாங்குகள் போதாமல் ஆட்கள் சுவரோரம் நிற்கிறார்கள். கந்தோர்க்காரர் மேடையில் தாளை விரிக்கிறார். வீரகத்தி உள்ளே வந்ததும் நேரே சீலைகளிடம்தான் வருகிறான், தங்கையின் பரிசைப் பார்க்க. கையில் ஈரம், விதைநெல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்த கை. வேட்டியில் துடைத்துக்கொண்டு, பெருமையோடு மேலேயிருந்து கீழே பார்த்து வருகிறான். கடைசி வரியில் விரலை வைக்கிறான்.

"தங்கச்சி, எல்லாம் வடிவாச் சோடியாக் கிடக்குது. இந்த ஒரு வரி மட்டும் ஏன் இப்பிடி? பச்சை நூல் முடிஞ்சு போச்சோ?"

பாருங்கள், எவ்வளவு லேசான கேள்வி! "ஓம் அண்ணை" என்றால் போதும். அவன் சிரித்துவிட்டுப் போய் வாங்கில் இருப்பான்.

மேடையிலிருந்து கூப்பிடுகிறார்கள்: "யோகநாதன், மட்டம் எவ்வளவு? சொல்லுங்கோ."

யோகநாதன் நூல் கட்டையோடு நிற்கிறான். நேசமலர் அவனைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். இருவர் வாயும் ஒரே நேரத்தில் திறக்கிறது.

நான் இங்கே நிறுத்திவிட்டேன். தில்லைநாதன் வாசித்து முடித்துவிட்டு, "பிறகு?" என்றார். பேனையை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஆகவே உங்களிடம் நீட்டுகிறேன். பிடியுங்கள். யார் பேசுவது, என்ன பேசுவது, நீங்களே எழுதுங்கள். ஆனால் கெதியாக எழுதுங்கள், வீரகத்தி வீட்டில் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது.